பக்கத்து அடுப்புக்காரி சொன்ன பெயர்

எனக்கு மூன்று குழந்தைகள் வயிற்றிலேயே போய்விட்டார்கள். அம்மனை நம்புகிற சகோதரிகளே, உங்களுக்கு ஒரு வணக்கம்கூடச் சொல்லாமல் எடுத்த எடுப்பில் இதைச் சொன்னதற்கு மன்னிக்க வேண்டும். பல வருடங்கள் எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத விஷயம் இது. முதலில் இதை எழுதிவிட்டால்தான் மற்றதை எழுத எனக்குக் கை வரும்.

என் பெயர் கோமதி. பிறந்தது திருநெல்வேலிப் பக்கம், வாக்கப்பட்டது திருவனந்தபுரம் வலியசாலை அக்ரஹாரத்தில். தம்பானூரில் ஒரு இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை பார்க்கிறேன். கணவர் சேது அரசாங்க குமாஸ்தா. வீட்டில் நாங்கள் இருவரும் என் மாமியாரும்தான். மாமியாரை நான் அம்மா என்றே கூப்பிடுவேன். அம்மா ஒன்று சொன்னால் எங்கள் வீட்டில் அதற்கு அப்பீல் கிடையாது.

கல்யாணமான மறு வருடம் முதல் குழந்தை உண்டானது. ஆவணி மாதம், ஆபீசில் ஒரு ஃபைலை எடுக்க எழுந்தேன், புடவையில் ரத்தம். மூன்றாவது மாதம் முடிகிற சமயம். டாக்டர் பார்த்துவிட்டு, முதல் தடவை இப்படிச் சிலருக்கு ஆவதுண்டு, பயப்படாதே என்று சொல்லி அனுப்பினார். வீட்டுக்கு வந்ததும் அம்மா எனக்கு வெந்நீர் போட்டுக் குளிக்க வைத்தாள், தலை துவட்டிவிட்டாள், ரசம் சாதம் பிசைந்து கையில் கொடுத்தாள். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து சொன்னாள்:

“நடந்தது நடந்துடுத்து. இனிமே அதைப் பத்தி வாயைத் திறக்கப்படாது, கேட்டியா? சொல்லிண்டே இருந்தா அது அடுத்ததையும் கூட்டிண்டு போயிடும்.”

அம்மாவைக் கெட்டவள் என்று நினைத்துவிடாதீர்கள். என்னை ஒரு நாளும் ஒரு சொல் குத்திப் பேசியதில்லை. தெருவில் ஒரு மாமி ஜாடையாக ஏதோ கேட்டதற்கு, அவள் முகத்துக்கு நேராகக் கதவைச் சாத்தியவள் என் மாமியார். அவள் அப்படிச் சொன்னது என் மேல் இருந்த பிரியத்தால். அதனாலேயே எனக்கு எதிர்த்துப் பேசத் தோன்றவில்லை.

எங்கள் தெருவில் இன்னொரு பழக்கம் உண்டு. டாக்டருக்கு என்ன படிப்பு என்று யாரும் விசாரிக்க மாட்டார்கள். கைராசி எப்படி என்றுதான் விசாரிப்பார்கள். ஒரு ஆஸ்பத்திரியில் ஒரு காரியம் தப்பிவிட்டால் அந்த வாசலை மறுபடி மிதிக்கக் கூடாது. ஆகவே இரண்டாவது முறை உண்டானபோது வேறு ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே நர்ஸ் கேட்டாள், இதற்கு முன் கர்ப்பம் தரித்ததுண்டா என்று. நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள்.

“இல்லே. இதுதான் முதல்.”

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் வேலை என்ன தெரியுமா? பாலிசி எடுக்க வருகிறவர்களிடம், உங்களுக்கு முன்பு ஏதாவது வியாதி இருந்ததா, மறைக்காமல் சொல்லுங்கள் சார், மறைத்தால் பின்னால் கஷ்டம் என்று நாள் முழுவதும் கேட்கிற வேலை. இப்போது நினைத்தால் அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

அந்தக் குழந்தை ஐந்தாவது மாதத்தில் போயிற்று. அசைவு தெரிய ஆரம்பித்த பிறகு.

மூன்றாவது முறை மூன்றாவது ஆஸ்பத்திரி. அங்கே அம்மா, ஆரம்பத்திலேயே ஒன்று தங்காமல் போயிற்று என்று மட்டும் சொன்னாள். ஐந்து மாதக் குழந்தையைப் பற்றிப் பேச்சே இல்லை. ஐந்தாவது மாதம் தாண்டியதும் எங்கள் எல்லோருக்கும் உயிர் வந்தது. ஆறு தாண்டியது. அம்மா யாருக்கும் தெரியாமல் பழைய வேட்டிகளைத் துவைத்துக் கிழித்து மடித்து வைத்தாள். ஏழாவது மாதம் ஒரு காலையில் குழந்தை அசையவில்லை. தோசை சாப்பிட்டால் அசையும் என்றார்கள், சாப்பிட்டேன். இடது பக்கம் சாய்ந்து படு என்றார்கள், படுத்தேன். ஸ்கேன் எடுக்கும் பெண் திரையை என் பக்கத்திலிருந்து மெதுவாகத் திருப்பிக்கொண்டாள். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

பிரசவ வலி முழுவதும் வந்தது. குழந்தை அழவில்லை. எனக்குக் காட்டவும் இல்லை. பார்த்தால் மனசில் ஒட்டிக்கொண்டுவிடும், பார்க்காமல் இருந்தால் சீக்கிரம் மறக்கும் என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள். பெண் குழந்தை என்பது மட்டும் ஒரு நர்ஸ் வாய் தவறிச் சொன்னதால் தெரியும். சேதுவும் அம்மாவும் எங்கேயோ கொண்டுபோய் விட்டு வந்தார்கள். எங்கே என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம் என்று இன்றைக்கும் தோன்றுகிறது.

டிஸ்சார்ஜ் ஆகிற அன்று அந்த டாக்டர், ஆறு வாரம் கழித்து வாருங்கள், சில ரத்தப் பரிசோதனைகள் பார்க்க வேண்டும் என்று சொன்னார். நல்ல மனிதர். ஆட்டோவில் ஏறியதுமே அம்மா சொல்லிவிட்டாள், அந்த வாசல் இனி வேண்டாம் என்று. நாங்கள் போகவில்லை.

அதற்குப் பதிலாக என்னவெல்லாமோ செய்தோம். ஜாதகத்தில் சர்ப்ப தோஷம் என்றார்கள். நாகர் காவில் ஆயில்ய பூஜை, நாகருக்கு அரிசி மாவும் மஞ்சளும் கலந்த நூறும் பாலும், ராமேஸ்வரத்தில் ஒரு பரிகாரம். பக்தியோடுதான் செய்தேன், குறை சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு பூஜையும் முடிந்து வரும்போது எனக்குள் ஒன்றுதான் ஓடும். நான் என்ன பாவம் செய்தேன்? சேது ஆபீசிலிருந்து வந்தால் டிவியைப் போட்டுக்கொண்டு உட்காருவார், அதில் என்ன ஓடுகிறது என்று அவருக்கும் தெரியாது. மூன்று பேரும் ஒரே வீட்டில் ஒருவருக்கொருவர் பயந்துகொண்டு இருந்தோம். கோயிலில் யாராவது கைக்குழந்தையோடு நின்றால் நான் வேறு பிராகாரம் சுற்றிப் போவேன்.

இந்த நிலைமையில்தான், அம்மனுக்குப் பெண்கள் தெருவில் பொங்கல் வைக்கிற மாசி மாதப் பொங்காலை வந்தது. கொரோனா காரணமாக இரண்டு வருடம் அவரவர் வீட்டு வாசலோடு நின்ற பொங்காலை, மறுபடி தெருவெல்லாம் நிறைந்த வருடம் அது. உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, அன்றைக்கு ஊரே அடுப்பாகிவிடும். முந்தின நாளே எங்கெங்கிருந்தோ பெண்கள் வந்து எங்கள் தெருவில் செங்கல் வைத்து இடம் பிடித்தார்கள். அக்ரஹாரத்து வீடுகள் எல்லாம் அவர்களுக்குக் கதவைத் திறந்து வைத்திருக்கும். தண்ணீர், மோர், குளிக்கக் குளிமுறி எல்லாம் பொது. அம்மா காலையிலிருந்து பெரிய அண்டாவில் மோர் கலக்கி வந்தவர்களுக்கெல்லாம் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

நான் எங்கள் வாசலில் மூன்று செங்கல் வைத்துப் புதுப்பானையோடு உட்கார்ந்தேன். பக்கத்தில் விழிஞ்ஞம் பக்கத்திலிருந்து வந்த ஒரு மலையாளப் பெண்மணி. ஷீஜா, பள்ளிக்கூட டீச்சர். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும், சரிகைக் கரை போட்ட கசவுப் புடவை, முழங்கால் வரை ஏறிய கனமான காலுறை. இந்த வெயிலில் எதற்குக் காலுறை என்று நினைத்துக்கொண்டேன்.

கோயில் அடுப்பில் மூட்டிய தீ, ஓலையில் பற்றி அடுப்புக்கு அடுப்பு கைமாறி எங்கள் தெருவுக்கும் வந்தது. ஷீஜா டீச்சர் அடுப்பில் பற்றிய ஓலையை அவரே குனிந்து என் அடுப்பில் வைத்தார். அரிசி கொதிக்க ஆரம்பித்தது. நான் கையைக் கூப்பினேன். ஒவ்வொரு வருடமும் குழந்தை கொடு என்று கேட்பேன். அந்த வருடம் அதைக் கேட்க வாய் வரவில்லை. தாயே, ஏன் என்று மட்டும் சொல்லிவிடு, தெரிந்தால் போதும், குழந்தைகூட வேண்டாம் என்று கேட்டேன். கேட்கும்போதே அழுகை வந்துவிட்டது. புகையால் என்று சமாளிக்கலாம் என்று பார்த்தேன், முடியவில்லை. பானை பொங்கி வழிகிறது, நான் தேம்பிக்கொண்டிருக்கிறேன்.

டீச்சர் என் பானையின் கீழே தீயைத் தணித்துவிட்டு என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

“மோளே, கரயண்டா. எந்து பற்றி?”

அழாதே, என்ன ஆயிற்று என்று யாரோ ஒருத்தி கேட்டதற்கு நான் எல்லாவற்றையும் கொட்டினேன். எப்படி அந்த தைரியம் வந்தது என்று தெரியவில்லை. ஒருவேளை அவர் எங்கள் தெருக்காரர் இல்லை, சாயங்காலம் போய்விடுவார் என்பதால் இருக்கலாம். அம்மா அந்த நேரம் உள்ளே மோர் கலக்கப் போயிருந்தாள். மூன்றாம் மாதம், ஐந்தாம் மாதம், ஏழாம் மாதம் என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொன்னது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

அவர் முகம் மாறிவிட்டது. “எனிக்கும் ரெண்டெண்ணம் போயி” என்றார். தனக்கும் இரண்டு போயிற்றாம். அதன் பிறகு காலில் ரத்தம் கட்டி வீங்கி, உயிருக்கே ஆபத்தாகி, அப்போதுதான் கண்டுபிடித்தார்களாம். காலுறை அதற்காகத்தான்.

“இதினொரு பேருண்டு மோளே. ஆப்லா. டாக்டரோடு மூணும் சேர்த்துப் பறயணும். ஒண்ணும் விடருது.”

இதற்கு ஒரு பெயர் இருக்கிறது. டாக்டரிடம் மூன்றையும் சேர்த்துச் சொல், ஒன்றையும் விடாதே. அவ்வளவுதான் அவர் சொன்னது. அவருக்குப் பிறகு குழந்தை உண்டா என்று கேட்டேன். தலையை ஆட்டினார், இல்லை. தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது என்று சொல்லிவிட்டுத் தன் பானையைக் கிளறப் போய்விட்டார். மத்தியானம் தீர்த்தம் தெளித்து, விமானத்திலிருந்து பூத் தூவி, எல்லோரும் பானையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள். கூட்டத்தில் டீச்சரின் போன் நம்பரைக்கூட நான் வாங்கவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு பொங்காலைக்கும் தேடுகிறேன், இன்னும் கண்ணில் படவில்லை.

நான் கேட்டது காரணம். அம்மன் எனக்குக் காரணத்தின் பெயரைச் சொல்லி அனுப்பினாள். அதுவும் அதே அடுப்பு கொதித்துக்கொண்டிருக்கும்போதே. இதை யாராவது தற்செயல் என்று சொன்னால் சொல்லிக்கொள்ளட்டும், நான் சண்டைக்குப் போகவில்லை.

அம்மாவிடம் அன்றே சொன்னேன். அவளுக்குப் பிடிக்கவில்லை.

“தெருவுல யாரோ சொன்னான்னு ஓடணுமா? அங்க போய்ப் பழசெல்லாம் கிளறணும். எதுக்கு இந்த வெப்ராளம்?”

வெப்ராளம் என்றால் எங்கள் ஊரில் மனப் பதற்றம். அம்மாவுக்குத்தான் அது இருந்தது, முகத்தில் தெரிந்தது. நான் முதல் தடவையாக எதிர்த்து நின்றேன். நான் போகத்தான் போகிறேன், நீங்கள் வந்தாலும் சரி வராவிட்டாலும் சரி என்றேன். சேது டிவியை அணைத்துவிட்டு, நானும் வருகிறேன் என்றார். அதிசயம்தான். கிளம்புகிற அன்று பார்த்தால் அம்மா புடவை மாற்றிக்கொண்டு வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள்.

நாங்கள் பார்க்கப் போனது ஒரு பெண் டாக்டர். வெளுத்த தலை, அவசரமில்லாத பேச்சு. மலையாளமும் தமிழும் கலந்து பேசினார். முன்பு எத்தனை கர்ப்பம் என்று கேட்டார். இதற்காகத்தான் வந்திருக்கிறேன், பஸ்ஸில் வரும்போதெல்லாம் சொல்லிச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த நாற்காலியில் உட்கார்ந்ததும் பழக்கம் விடவில்லை, கண் தானாக அம்மாவின் பக்கம் போயிற்று.

அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு டாக்டரைப் பார்த்தாள்.

“மூணு” என்றாள்.

டாக்டர் நிமிர்ந்தார். அம்மா நிறுத்தவில்லை. மடை திறந்த மாதிரி வந்தது.

“மூணு, டாக்டர். மொதல்ல ஆவணியில, மூணாம் மாசம். ரெண்டாவது அஞ்சாம் மாசம், ஆண் குழந்தை. மூணாவது பொண்ணு. ஏழு மாசம். தலை நிறைய முடி. மூக்கு அப்படியே இவளோடது. என் கையிலதான் குடுத்தா. நான்தான் துணியில சுத்தினேன்.”

எனக்கு இது எதுவும் தெரியாது. இரண்டாவது ஆண் என்று தெரியாது. என் பெண்ணுக்குத் தலை நிறைய முடி இருந்தது என்று தெரியாது. மறக்கச் சொன்னவள் ஒவ்வொன்றையும் நினைவில் வைத்துக்கொண்டு, எனக்குக் காபி கலந்து கொடுத்துக்கொண்டு, அந்த வீட்டில் நடமாடியிருக்கிறாள். நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடி அழுதேன். அம்மாவும் அழுதாள். சேது எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். டாக்டர் எங்கள் மூன்று பேரையும் அழ விட்டார், வெளியே அத்தனை கூட்டம் காத்திருந்தும்.

பிறகு ரத்தம் எடுக்க எழுதிக் கொடுத்தார். முடிவு வந்தது, அந்த ஆப்லாவின் அடையாளம் ரத்தத்தில் இருக்கிறது என்று. ஆனால் ஒரு தடவை பார்த்தால் போதாதாம். ஜலதோஷம், காய்ச்சல் வந்தால்கூடச் சில சமயம் அப்படிக் காட்டுமாம். பன்னிரண்டு வாரம் கழித்து மறுபடி எடுத்து, அப்போதும் இருந்தால்தான் இந்தப் பெயரைச் சொல்ல வேண்டும் என்றார். அந்தப் பன்னிரண்டு வாரமும் நான் அம்மனிடம் வியாதி இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். இப்படி ஒரு வேண்டுதலை அவளும் அதிகம் கேட்டிருக்க மாட்டாள். இல்லை என்று வந்துவிட்டால் மறுபடி காரணம் தெரியாத இருட்டுக்குள் போக வேண்டுமே என்ற பயம். இரண்டாம் தடவையும் இருக்கிறது என்றே வந்தது.

டாக்டர் பெயரைப் பிரித்துச் சொன்னார். ஆண்டிபாஸ்போலிப்பிட் சிண்ட்ரோம். ஆஸ்பத்திரிகளில் சுருக்கி ஆப்லா என்கிறார்கள். ஆண்டி என்றால் எதிரானது. பாஸ்போலிப்பிட் என்பது நம் உடம்பின் ஒவ்வொரு உயிரணுவுக்கும் சுவராக இருக்கிற ஒரு கொழுப்பு. கிருமியோடு சண்டை போட வேண்டிய நம் சொந்தக் காவல்காரர்களே அந்தச் சுவரோடு ஒட்டியிருப்பதை எதிரி என்று நினைத்துத் தாக்குகிறார்கள். அதனால் ரத்தம் உறையக் கூடாத இடத்தில் உறைகிறது. டீச்சருக்குக் காலில் உறைந்தது. எனக்குக் குழந்தைக்குச் சாப்பாடு போகிற நச்சுக்கொடியில் உறைந்தது. என் குழந்தைகள் வயிற்றுக்குள் பட்டினி கிடந்திருக்கிறார்கள்.

கடைசிச் சொல் சிண்ட்ரோம். தனித்தனியாகத் தெரிகிற பல அடையாளங்கள் ஒன்றாகச் சேர்ந்து வருவதற்குத்தான் அந்தச் சொல்லைப் போடுவார்கள் என்றார் டாக்டர். ரத்தப் பரிசோதனை மட்டும் இருந்தாலும் போதாது, நடந்த கதை மட்டும் இருந்தாலும் போதாது, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் இந்தப் பெயரைச் சொல்லலாமாம். சேர்த்துப் பார்க்க வேண்டிய வியாதியை நாங்கள் மூன்று ஆஸ்பத்திரிக்குப் பங்கு போட்டுக் கொடுத்திருந்தோம். எந்த டாக்டர் கையிலும் முழுசாக விழாதபடி பார்த்துக்கொண்டோம். டாக்டர் இதைக் குத்திக்காட்டவில்லை. குத்திக்காட்டியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது.

வைத்தியம் என்ன என்று கேட்டேன். தினமும் ஒரு சின்ன ஆஸ்பிரின் மாத்திரை, கர்ப்பம் தரித்ததும் தினமும் தொப்புளைச் சுற்றி ஒரு சின்ன ஊசி. ரத்தத்தை உறையாமல் வைத்திருக்க. எல்லோருக்கும் பலிக்கும் என்று சொல்ல முடியாது, நிறையப் பேருக்குப் பலிக்கிறது என்றார். இவ்வளவுதானா என்று கேட்டுவிட்டேன். இவ்வளவுதான் என்றார். வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தேன். இந்த ஊசி அப்போதும் இருந்தது. இதே ஊரில், நாங்கள் மாத்திரை வாங்கும் கடையிலேயே இருந்திருக்கும்.

அடுத்த வருடம் தொடக்கத்தில் மறுபடி உண்டானேன். ஊசி வீட்டுக்கு வந்தது. சேது மருந்தோடு வந்த துண்டுச்சீட்டைப் படித்துக்கொண்டே போனவர் திடீரென்று நிறுத்தினார். என்னடா என்றாள் அம்மா. இந்த மருந்தைப் பன்றிக் குடலிலிருந்து எடுக்கிறார்களாம் என்றார். வெங்காயம்கூட விசேஷ நாளில் உள்ளே வராத வீடு எங்கள் வீடு. அம்மா எழுந்து பூஜை அறைக்குள் போனாள். நாங்கள் இருவரும் திருட்டுமுழி முழித்துக்கொண்டு ஹாலில் நின்றோம். கொஞ்ச நேரம் கழித்து வெளியே வந்தாள்.

“வராகமும் பெருமாள்தானேடி. பூமியையே தூக்கிண்டு வந்தார். என் பேரக்குழந்தையைத் தூக்க மாட்டாரா? நீ குத்திக்கோ.”

அதற்குப் பிறகு ஊசி வைத்திருந்த இடத்துக்குத் தினம் ஒரு செம்பருத்தி வைத்தாள். ஊசியை நானே போட்டுக்கொண்டேன். சேது ஊசியைப் பார்த்தாலே சுவர்ப் பக்கம் திரும்பிவிடுவார். வயிறு முழுவதும் நாவல்பழம் நசுங்கின நிறத்தில் திட்டுத் திட்டாக இருந்தது. எனக்கு அது ஒரு வலியாகவே தெரியவில்லை.

ஐந்தாம் மாதம் வந்தபோது மூவரும் பேச்சைக் குறைத்துக்கொண்டோம். ஏழாம் மாதம் வந்தபோது நான் தூங்கவில்லை, அசைவை எண்ணிக்கொண்டே கிடந்தேன். ஆனால் இந்தத் தடவை ஒரு வித்தியாசம். பயம் வந்தால் அம்மாவிடம் போய்ச் சொல்வேன். அவளும் தன் பயத்தைச் சொல்வாள். சில நாள் அந்த மூன்று பேரைப் பற்றியும் பேசினோம். எங்கே கொண்டுபோய் விட்டார்கள் என்று சேது என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். அங்கே ஒன்றும் இல்லை, புல்தான். நான் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

நாள் கொஞ்சம் முன்னதாகவே, டாக்டர் ஊசியைச் சரியான நேரத்தில் நிறுத்தி, ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்தார். பெண். எடை குறைவு. ஆனால் அழுதாள். அந்தச் சத்தம் எனக்கு இன்றைக்கும் காதில் இருக்கிறது. வாணி என்று பெயர் வைத்தோம். பிரசவத்துக்குப் பிறகும் ஆறு வாரம் ஊசி தொடர்ந்தது. இன்றைக்கும் நான் டாக்டர் சொன்னபடி நடக்கிறேன். இந்த வியாதி என்னோடு இருக்கும், அதைப் பார்த்துக்கொண்டே நானும் இருக்க வேண்டும்.

நீங்கள் எல்லோரும் இதைச் சந்தோஷக் கதையாகக் கேட்க விரும்புவீர்கள். சந்தோஷம்தான், தாயே, கோடி நமஸ்காரம். ஆனால் உண்மையைச் சொல்கிறேன், வாணியை முதன்முதலில் நெஞ்சில் போட்டபோது எனக்கு வந்தது ஆனந்தக் கண்ணீர் மட்டும் இல்லை. இப்படித்தானே அவர்களும் இருந்திருப்பார்கள் என்ற நினைவு வந்தது. இரண்டாவதன்போதே முழுசாகச் சொல்லியிருந்தால் அந்தப் பெண் குழந்தை இன்று பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருப்பாளோ என்னவோ. பிழைத்திருப்பாள் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. அந்த உறுதி இல்லாததுதான் என்னைத் தின்கிறது. அம்மன் இதற்கு எனக்கு ஆறுதல் தரவில்லை. இதையும் தூக்கிக்கொண்டு நடக்கிற தெம்பைத் தந்திருக்கிறாள்.

எங்கள் தெருவில் இப்போது ஆப்லா என்பது பழகிய வார்த்தை. தொடக்கத்தில், கோமதிக்கு ரத்தத்தில் ஏதோ தோஷமாம் என்று சொன்னார்கள். தோஷம் இல்லை மாமி, வியாதி, அதற்கு மருந்து இருக்கிறது என்று நான் ஒவ்வொருவராகத் திருத்தினேன். அம்மா எனக்கு மேலே. பிள்ளை தங்காமல் தவிக்கிற பெண் யாராவது கண்ணில் பட்டால் போதும், வழி மறித்து, மூணும் சேர்த்து டாக்டர்கிட்ட சொன்னியோ என்று கேட்டுவிடுவாள். பாதி தெரு அவளைக் கண்டால் எதிர்ச்சாரிக்குப் போகிறது.

சகோதரிகளே, நான் சொன்னதை வைத்து யாரும் தாங்களாக மருந்து வாங்கிவிட வேண்டாம். உங்களுக்கு வந்திருப்பது வேறாக இருக்கலாம். நான் கேட்டுக்கொள்வது வேறு. அம்மனிடம் மனசைத் திறந்து கேளுங்கள். கேட்டுவிட்டு, அவள் யார் வாயால் பதில் அனுப்புவாள் என்று தெரியாது, அதனால் பக்கத்தில் இருப்பவர்களிடமும் திறந்து சொல்லுங்கள். டாக்டரிடம் எதையும் விழுங்காதீர்கள். ராசி பார்த்து வாசல் மாற்றுவதானாலும் கதையை முழுசாகக் கூடவே எடுத்துக்கொண்டு போங்கள். போன குழந்தைகளைச் சொன்னால் வருகிற குழந்தைக்கு ஆகாது என்று யாராவது சொன்னால், வலியசாலை கோமதி வீட்டுக் கதையைச் சொல்லுங்கள்.

இந்த வருடப் பொங்காலைக்கு என் பக்கத்து அடுப்பில் ஒரு சின்னப் பெண் வந்து உட்கார்ந்தாள். நாகர்கோவில் பக்கமாம், புருஷனுக்குத் தம்பானூரில் ஒரு ஓட்டலில் வேலை. எங்கள் அடுப்பிலிருந்து ஓலை பற்றி நான்தான் அவளுக்குத் தீ கொடுத்தேன். வாணி அம்மாவின் இடுப்பில் உட்கார்ந்து வெல்லக்கட்டியை நக்கிக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்வையைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

“மொதக் கொழந்தையா பாட்டி?” என்று கேட்டாள்.

அம்மா வாணியை இடுப்பில் சரியாக ஏற்றிக்கொண்டாள்.

“இல்லேடி கொழந்தே. நாலாவது.”

அந்தப் பெண்ணின் கையில் அகப்பை அப்படியே நின்றுவிட்டது. நான் என் அடுப்பில் தீயைத் தணித்துவிட்டு அவள் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தேன்.